சரணடைந்தோர்க்கு ஒரு பதக்கம்: காங்கோ அமைதி காப்புப் பணியும் ஜாடோவில் பதக்கத்தின் வரலாறும் (1961–2017)

ஆய்வுச் சுருக்கம்

1961 செப்டம்பரில் காங்கோவின் ஜாடோவில் நகரில் ஐக்கிய நாடுகள் அவையின் கொடியின்கீழ் நிறுத்தப்பட்டிருந்த அயர்லாந்துக் காலாட்படைக் கம்பெனி ஒன்று, ஐந்து நாள் முற்றுகையை எதிர்த்து நின்று, தன் வீரர்களுள் ஒருவரையும் இழக்காமல் சரணடைந்தது. அவ்வீரர்களுக்கெனத் தனிப் பதக்கம் ஒன்றை அயர்லாந்து அரசு வழங்கியது 2017 டிசம்பரில்தான். இடைப்பட்ட 56 ஆண்டுகளின் மறுப்பை அலுவலகத் தாமதமாகவோ உயரதிகாரிகளின் மனப்போக்காகவோ மட்டும் விளக்குவது போதாது. அமைதி காப்புப் பணிக்குரிய பதக்கங்கள் நாள்களையும், இறப்பையும், தனியொருவரின் செயலையும் அளக்கவே வகுக்கப்பட்டன. தம் வீரர்கள் அனைவரையும் உயிருடன் மீட்ட தோல்வியை அளக்க அவற்றில் இடமில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதே களத்தில் இந்தியா வழங்கிய பரம் வீர் சக்கரம் ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அமைதி காப்பு, ஐ.நா. பதக்கம், காங்கோ, ஜாடோவில், அயர்லாந்துப் படை, பரம் வீர் சக்கரம், சரணடைதல்

முன்னுரை

படைத்துறைப் பதக்கங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சேகரிப்பாளர்களுக்கானவையாக அமைகின்றன. நாடாவின் நிறம், உலோகத்தின் வகை, விளிம்பில் பொறித்த எண் ஆகியவற்றோடு அவை நின்றுவிடும். வரலாற்றாய்வுக்குப் பதக்கம் வேறொரு வகையில் பயன்படும் சான்று. ஓர் அரசு தன் வீரரின் மார்பில் எதைக் குத்துகிறது என்பதைவிட, எந்த விதியின் எந்தச் சொற்றொடரின் கீழ் அதைக் குத்துகிறது என்பது, தான் ஈடுபட்ட நிகழ்வை அவ்வரசு எவ்வாறு பெயரிட்டுக்கொண்டது என்பதைக் காட்டும். பதக்கம் மறுக்கப்பட்ட இடங்களுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அங்கேதான் கூடுதலாகப் பொருந்தும்.

கலைச்சொல் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. தமிழ்ச் சூழலில் 'அமைதிப்படை' என்னும் சொல் 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படையைக் குறிப்பதாகவே நிலைத்துவிட்டது. அப்படை இரு நாட்டு அரசுகளின் உடன்பாட்டின்படி அனுப்பப்பட்டது, ஐ.நா. ஆணையின்கீழ் இயங்கியதன்று. ஆகவே ஐ.நா. பணிகளைக் குறிக்க இக்கட்டுரையில் 'அமைதி காப்பு' என்னும் தொடரே ஆளப்படுகிறது.

நாள்களை அளக்கும் பதக்கம்

ஐ.நா. அவையின் முதல் பதக்கம் அமைதி காப்புக்கு உரியதன்று. 1950 டிசம்பர் 12 அன்று பொதுப்பேரவை நிறைவேற்றிய 483ஆம் தீர்மானத்தின்படி கொரியப் போரில் பணியாற்றியோருக்கென அது உருவாக்கப்பட்டது. 'ஐக்கிய நாடுகள் சாசனத்தின் கோட்பாடுகளைக் காக்கும் பணிக்காக' என்னும் பொருள்பட அதன் பின்புறத்தில் பொறிக்கப்பட்டது. ஆங்கிலம் தவிர கிரேக்கம், துருக்கியம், தாய், அம்ஹாரிக் முதலிய பங்கேற்ற நாடுகளின் மொழிகளிலும் அப்பொறிப்பு அமைந்தது. 'காத்தல்' என்ற சொல் வழியாக ஐ.நா. அங்குத் தன்னை ஒரு தரப்பாகவே நிறுத்திக்கொண்டது. உண்மையில் அது ஒரு போர்ப்பதக்கம்.

1956இன் சூயஸ் நெருக்கடியை அடுத்து அமைக்கப்பட்ட அவசரக்காலப் படைக்குரிய பதக்கத்தில் இந்தச் சொல் மாறியது. முன்புறத்தில் ஐ.நா. சின்னம், பின்புறத்தில் 'அமைதியின் பணியில்' என்னும் தொடர். 1959இல் பொதுச் செயலர் வகுத்த விதிகளின்படி எல்லாப் பணிகளுக்கும் பொதுவான ஐ.நா. பதக்கம் உருவானபோதும் அத்தொடரே தொடர்ந்தது. இன்றளவும் அதுவே வழக்கில் உள்ளது. பணிக்குப் பணி மாறுவது நாடாவின் நிறம் மட்டுமே. சாசனத்தைக் 'காத்தல்' என்பதிலிருந்து அமைதியின் 'பணி' என்பதற்கு ஏற்பட்ட இந்த நகர்வு பத்தாண்டுக்குள் நிகழ்ந்தது. காப்பவருக்கு எதிரே தாக்குபவர் ஒருவர் இருந்தாக வேண்டும். பணியாளருக்கு அப்படி எவரும் இருக்கத் தேவையில்லை.

இப்பதக்கத்தைப் பெறுவதற்கான அளவுகோல் காலம். குறிப்பிட்ட பணியில் குறிப்பிட்ட நாள்கள் (வழக்கமாக 90) பணியாற்றியவர் எவரும் அதற்குரியவர். சமையற்கூடத்தில் நின்றவரும், சாலைத் தடையில் குண்டடிபட்டவரும், தலைமையகத்தில் தட்டச்சு செய்தவரும் ஒரே பதக்கத்தைப் பெறுவர். இதனைக் குறையெனச் சொல்வதற்கில்லை. பல நாட்டுப் படைகள் ஒரே கொடியின்கீழ் வரும்போது, ஒரு நாட்டு வீரரின் துணிவை இன்னொரு நாட்டு வீரரின் துணிவோடு நிறுத்துப் பார்க்கும் பொறுப்பை ஐ.நா. ஏற்க விரும்பவில்லை. அந்தப் பொறுப்பு அவரவர் அரசுகளிடம் விடப்பட்டது. காங்கோவில் பணியாற்றியோருக்கு முதலில் பொது நாடாவும் அதன்மேல் 'காங்கோ' எனப் பொறித்த பட்டையும் தரப்பட்டன. 1963இல் பட்டை கைவிடப்பட்டுத் தனி நாடா வகுக்கப்பட்டது. ஜாடோவில் வீரர்களுக்கு உரியதாக இருந்ததும் இந்தப் பதக்கமே. முற்றுகையில் கழிந்த ஐந்து நாளும் அந்தக் கணக்கில் வெறும் ஐந்து நாள்களே.

கட்டாங்காவில் ஒரு கம்பெனி

1960 ஜூன் 30 அன்று காங்கோ பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. ஜூலை 11 அன்று, தாமிரமும் கோபால்ட்டும் நிறைந்த கட்டாங்கா மாநிலம் மொய்ஸ் சோம்பேயின் தலைமையில் பிரிந்துபோவதாக அறிவித்தது. யூனியன் மினியேர் என்னும் சுரங்க நிறுவனத்தின் பொருள்வளமும் பெல்ஜிய அதிகாரிகளின் துணையும் அப்பிரிவினைக்குப் பின்னால் இருந்தன. ஜூலை 14 அன்று பாதுகாப்பு அவையின் 143ஆம் தீர்மானத்தின்படி ஐ.நா. படை காங்கோவிற்குச் சென்றது. உச்சநிலையில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 20,000. தொடக்கத்தில் தற்காப்புக்கு மட்டுமே ஆயுதம் பயன்படுத்தலாம் என்றிருந்த நிலை 1961 பிப்ரவரி 21 அன்று நிறைவேறிய 161ஆம் தீர்மானத்தால் மாறியது. உள்நாட்டுப் போரைத் தடுப்பதற்குக் கடைசி வழியாக வலிமையைப் பயன்படுத்தலாம் என்றும், அயல்நாட்டுக் கூலிப்படையினர் வெளியேற வேண்டும் என்றும் அது கூறியது. அமைதி காப்புக்கும் போருக்கும் இடையிலான கோடு இந்தத் தீர்மானத்தில் மங்கத் தொடங்கியது எனலாம்.

1955இல்தான் ஐ.நா. உறுப்பினரான அயர்லாந்துக்குக் காங்கோ முதல் பெரும் படையனுப்பீடு. நடுநிலை நாடு என்ற பெயரும், தானே குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டிருந்த வரலாறும் அதற்கு இப்பணியில் தனி மதிப்பைத் தந்தன. 1961 தொடக்கத்திலிருந்து ஐ.நா. படையின் தளபதியாகவும் அயர்லாந்தைச் சேர்ந்த ஷான் மெக்கியோன் இருந்தார். பின்னர் நிகழ்ந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி முக்கியமானது.

செப்டம்பர் தொடக்கத்தில் 35ஆம் பட்டாலியனின் 'ஏ' கம்பெனி, எலிசபெத்வில் நகரிலிருந்து (இன்றைய லுபும்பாஷி) நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஜாடோவில் என்னும் சுரங்க நகருக்கு அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 155 பேர். தலைவர் கமாண்டன்ட் பேட் குவின்லன். அங்குள்ள ஐரோப்பியக் குடியேறிகளைப் பாதுகாப்பது என்பதே அறிவிக்கப்பட்ட நோக்கம். சென்று சேர்ந்தவர்கள் கண்டதோ, பாதுகாப்பை விரும்பாத, ஐ.நா.வை வெளிப்படையாக வெறுத்த ஒரு மக்கட்கூட்டம். சில நாள்களுக்கு முன்புதான் வேறொரு ஐ.நா. படைப்பிரிவு அந்நகரிலிருந்து திரும்பியிருந்தது. ஒரு கம்பெனியை அத்தனை தொலைவில், கனரகப் படைக்கலமும் வான்காப்பும் இன்றித் தனியே நிறுத்தியது யாருடைய முடிவு என்னும் கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும்.

குவின்லன் முதலில் பிறப்பித்த ஆணைகளுள் ஒன்று பதுங்குகுழி தோண்டுவது. அமைதி காக்கச் சென்ற படைக்கு இது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றியிருக்கலாம். செப்டம்பர் 13 அன்று விடியலில் எலிசபெத்வில்லில் ஐ.நா. படை 'மோர்தோர் நடவடிக்கை'யைத் தொடங்கியது. அந்தப் பெயரே இந்தியிலிருந்து எடுக்கப்பட்டது. முறித்து நொறுக்குதல் என்று பொருள்படும். களத்தில் இந்தியப் படையதிகாரிகளுக்கு இருந்த இடத்தை இச்சிறு செய்தியும் உணர்த்தும். அன்று காலை ஜாடோவில்லில் அயர்லாந்து வீரர்கள் பலர் திறந்தவெளித் திருப்பலியில் இருந்த வேளையில் கட்டாங்காப் படையினர் தாக்கினர். பெல்ஜியம், பிரான்ஸ் முதலிய நாடுகளைச் சேர்ந்த கூலிப்படையினர் அவர்களுடன் இருந்தனர். தாக்கியோரின் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் சில நூறுகளிலிருந்து சில ஆயிரங்கள் வரை வேறுபடுகின்றன. எந்த மதிப்பீட்டை ஏற்றாலும் முற்றுகைக்குள் இருந்தோர் சிறுபான்மையினரே.

தற்காத்தோரிடம் இருந்தவை துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள், சிறிய மோர்ட்டார்கள் ஆகியவை. கட்டாங்காவிடம் ஒரு ஃபூகா மஜிஸ்டர் ஜெட் விமானம் இருந்தது. ஐ.நா. தரப்பில் அப்போது போர் விமானம் ஒன்றுமில்லை. இந்தியக் கான்பெரா விமானங்களும் சுவீடன், எத்தியோப்பிய விமானங்களும் வந்து சேர்ந்தது முற்றுகை முடிந்த பின்னரே. ஒற்றை விமானம் வானத்தை முழுதாக ஆண்ட விந்தையான நிலை அது. எலிசபெத்வில்லிலிருந்து அயர்லாந்து வீரர்களும் இந்தியக் கூர்க்கா வீரர்களும் அடங்கிய மீட்புப்படை இருமுறை புறப்பட்டு, இருமுறையும் லுஃபிரா ஆற்றுப் பாலத்தில் தடுக்கப்பட்டுத் திரும்பியது. ஹெலிகாப்டர் ஒன்று தண்ணீருடன் முற்றுகைக்குள் இறங்கியது. எரிபொருள் இருந்த கலன்களில் கொண்டுவரப்பட்ட அந்நீர் குடிக்கத் தகாததாக இருந்தது. வெடிமருந்தும் நீரும் தீர்ந்த நிலையில், உள்ளூரளவில் பேசப்பட்ட போர்நிறுத்தமும் நிலைக்காமல், செப்டம்பர் 17 அன்று குவின்லன் சரணடைந்தார். அயர்லாந்துத் தரப்பில் காயமடைந்தோர் ஐவர், இறந்தோர் இல்லை.

அன்றிரவே போர்நிறுத்தம் குறித்து சோம்பேயைச் சந்திக்கச் சென்ற பொதுச் செயலர் டாக் ஹாமர்ஷீல்டின் விமானம் ண்டோலா அருகே விழுந்து நொறுங்கியது. உலகச் செய்தித்தாள்களில் ஜாடோவில் பின்னுக்குப் போனதற்கு இந்த உடனிகழ்வும் ஒரு காரணம். சிறைப்பட்டோர் அக்டோபர் இறுதியில் கைதிகள் பரிமாற்றத்தில் விடுவிக்கப்பட்டனர். டிசம்பரில் நாடு திரும்பினர்.

கட்டாங்காத் தரப்பில் இறந்தோர் 300 வரை இருக்கலாம் என்ற எண் திரும்பத்திரும்ப எழுதப்படுகிறது. அது எதிர்த்தரப்பின் மதிப்பீடு. அயர்லாந்தின் ஐந்து காயங்கள் ஒவ்வொன்றும் பெயரோடு பதிவாகியுள்ளன. அந்த முந்நூறுக்கு ஒரு வட்ட எண்ணே மிஞ்சியது. இம்முற்றுகையை வீரக்கதையாக மீட்டெடுக்கும் அண்மைக்கால எழுத்துகளில் இந்த ஏற்றத்தாழ்வு போதிய கவனம் பெறவில்லை.

'பகைவர்' என்னும் சொல்

1961 டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில் சாலைத்தடை ஒன்றை அகற்றும் முயற்சியில், கூர்க்கா ரைபிள்ஸ் முதல் படையணியின் மூன்றாம் பட்டாலியனைச் சேர்ந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா 16 வீரர்களுடன் ஏறத்தாழ 90 பேர் கொண்ட கட்டாங்காப் படையை நேருக்கு நேர் தாக்கி உயிரிழந்தார். அவருக்கு 1962இல் பரம் வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது. ஐ.நா. பணியில் அவ்விருதைப் பெற்ற ஒரே இந்தியர் அவர்.

அவ்விருதின் வரையறை இங்கு ஊன்றிப் பார்க்கத்தக்கது. நிலத்திலோ கடலிலோ வானிலோ 'பகைவரின் முன்னிலையில்' காட்டப்படும் வீரத்துக்கே பரம் வீர் சக்கரம் உரியது. பகைவர் முன்னிலையில் அல்லாத வீரத்துக்கென இந்தியாவில் அசோகச் சக்கரம் 1952 முதலே இருந்தது. 'அமைதியின் பணியில்' இருந்த ஓர் அதிகாரிக்கு இரண்டாவது விருதே பொருந்தும் என்று சட்டநோக்கில் வாதிட இடமுண்டு. இந்திய அரசு முதலாவதைத் தேர்ந்தது. அதன்மூலம் கட்டாங்காப் படையைப் 'பகைவர்' என்றும், நடந்ததைப் போர் என்றும் பதக்க விதியின் மொழியில் ஒப்புக்கொண்டது. பிரிவினையை எதிர்ப்பதில் அன்றைய இந்தியாவுக்கு இருந்த தெளிவான அரசியல் நிலைப்பாடு இத்தேர்வை எளிதாக்கியிருக்கலாம். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிரிழந்த மேஜர் இராமசாமி பரமேஸ்வரனுக்கும் அதே விருது வழங்கப்பட்டது. அமைதியைத் தன் பெயரிலேயே தாங்கிய படையின் அதிகாரிக்குப் 'பகைவர் முன்னிலை' விருது வழங்கப்பட்டபோது, அச்சொல் எவரைச் சுட்டியது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

அயர்லாந்தின் நிலை நேர்மாறானது. அந்நாட்டின் தலையாய வீர விருதான 'படைத்துறை வீரப் பதக்கம்' 1944இல், அந்நாடு உலகப்போரில் நடுநிலை வகித்த காலத்தில் நிறுவப்பட்டது. உயிருக்கோ உடலுறுப்புக்கோ இடர் விளையக்கூடிய படைப்பணியில், போர்ப்பணி அல்லாத சூழலில், ஒருவர் ஆற்றும் அருஞ்செயலுக்கு அது உரியது. இந்திய விருது பகைவரைக் கேட்கிறது. அயர்லாந்து விருது போரை விலக்குகிறது. அவ்விலக்கு ஜாடோவில் வீரர்களுக்குத் தடையாக இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காங்கோப் பணி போரல்ல என்பதே அரசின் நிலைப்பாடாக இருந்ததால் அவர்கள் அப்பதக்கத்துக்குத் தகுதி உடையவர்களே. சிக்கல் 'செயல்' என்ற சொல்லிலும், அச்செயல் எப்படி முடிந்தது என்பதிலும் இருந்தது.

இதனை விளக்கப் பத்து மாதம் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1960 நவம்பர் 8 அன்று கட்டாங்காவின் வடபகுதியிலுள்ள நியெம்பாவில் 11 பேர் கொண்ட அயர்லாந்து ரோந்துக்குழு தாக்கப்பட்டு ஒன்பது பேர் உயிரிழந்தனர். டப்ளின் நகரில் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு மக்கள் வெள்ளமாகத் திரண்டனர். இறந்தோருள் ஒருவரான அந்தோணி பிரவுனுக்குப் படைத்துறை வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. நிறுவப்பட்டதிலிருந்து அப்பதக்கம் வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. காயமுற்ற தோழர் தப்புவதற்காகத் தன்மீது தாக்குதலைத் திருப்பிக்கொண்டார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒரே பணி, ஒரே மாநிலம், ஓராண்டுக்கும் குறைந்த இடைவெளி. நியெம்பாவில் இறந்தவர்கள் நாட்டின் துயரத்துக்கு உருவம் தந்தார்கள். ஜாடோவில்லிலிருந்து 155 பேரும் உயிருடன் வந்தார்கள்.

வாரியத்தின் மறுப்பு

குவின்லன் தம் வீரர்கள் பலரைப் படைத்துறை வீரப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தார். முறைப்படி அமைந்த பதக்க வாரியம் அவற்றை ஆராய்ந்து எவருக்கும் வழங்கவில்லை. 1965இல் இச்சிக்கல் மீண்டும் எழுப்பப்பட்டபோதும் முடிவு மாறவில்லை. பின்னாளில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோதெல்லாம், முறையாக அமைந்த வாரியம் முறையாக ஆராய்ந்தது என்பதே அமைச்சர்களின் விடையாக அமைந்தது. நடைமுறை சரியாக இருந்தது என்னும் விடை, முடிவு சரியாக இருந்ததா என்னும் கேள்விக்கு விடையாகாது.

மறுப்புக்கான காரணங்களை மூன்று தளங்களில் ஊகிக்கலாம்; அவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல. முதலாவது, வெளிப்படையான சரணடைதல் என்னும் களங்கம். ஊர் திரும்பிய வீரர்களைச் சக படையினரே 'ஜாடோவில் ஜாக்' எனப் பழித்தனர் என்பது முன்னாள் வீரர்களின் நினைவுகளில் தொடர்ந்து வரும் செய்தி. இரண்டாவது, பொறுப்பு பற்றிய அச்சம். அந்தக் கம்பெனிக்குப் பதக்கம் வழங்குவதென்றால் அவர்கள் ஏன் அங்குத் தனித்து விடப்பட்டனர் என்பதைப் பாராட்டுரையிலேயே எழுத வேண்டியிருக்கும். தளபதி அயர்லாந்துக்காரர், கட்டாங்காவில் ஐ.நா.வின் பேராளராக மோர்தோர் நடவடிக்கைக்குப் பொறுப்பேற்றிருந்த கானர் குரூஸ் ஓ'பிரையனும் அயர்லாந்துக்காரர். அந்நடவடிக்கைக்கான ஆணை எங்கிருந்து வந்தது என்னும் பூசலின் முடிவில் ஓ'பிரையன் அவ்வாண்டு டிசம்பரில் பதவி விலகினார். அந்தப் பூசலைத் தன் பதக்கப் பட்டியலின் வழியாகத் திறக்க எந்தப் படைத் தலைமையகமும் விரும்பியிராது.

மூன்றாவது காரணம் விதியின் மொழியைச் சார்ந்தது. இதுவரை போதிய கவனம் பெறாதது. வீரப் பதக்க விதி 'ஒரு செயலை'ப் பற்றிப் பேசுகிறது. ஒருவர், ஒரு கணம், ஓர் இடர், அதைக் கண்ட சாட்சிகள் என்பன அதன் இலக்கணம். பிரவுனின் செயலும் சலாரியாவின் செயலும் அந்த இலக்கணத்துள் அடங்கும். ஜாடோவில்லின் சாதனையோ குழி தோண்டச் சொன்னதும், குண்டுகளை எண்ணிச் செலவிட்டதும், தண்ணீரைப் பங்கிட்டதும், இறுதியாகச் சுடுவதை நிறுத்தியதும் ஆகும். இவற்றுள் எதனைப் பெயர்த்தெடுத்து 'அருஞ்செயல்' என எழுதுவது? ஒரு தலைவர் தம் வீரர்கள் அனைவரையும் உயிருடன் காத்ததற்காகப் பதக்கம் தர விதியில் வழியில்லை. அவ்வுயிர்களுள் சிலவற்றை இழந்திருந்தால் வழி பிறந்திருக்கும். சிறந்த சேவைக்கான தனிப் பதக்கம் ஒன்றை அயர்லாந்து 1964இல்தான் நிறுவியது. தலைமைப் பண்பையும் கடமையுணர்வையும் மதிப்பிட அதுவே ஏற்ற கருவி. ஆயினும் 1965இன் மறு ஆய்வு ஜாடோவில் வீரர்களுக்கு எதையும் தரவில்லை.

தோல்வியின் மறுபெயரிடல்

1989இல் ஐ.நா. பணியில் அயல்நாடு சென்ற வீரர்கள் அனைவருக்குமென அயர்லாந்து அரசு ஓர் அமைதி காப்பாளர் பதக்கத்தை நிறுவியது. மீண்டும் அளவுகோல் பணியே. குவின்லன் 1997இல் காலமானார். தம் கம்பெனிக்கு எந்தச் சிறப்பும் கிட்டியதை அவர் காணவில்லை. முன்னாள் வீரர்களின் இடைவிடாத முறையீட்டின் பின் 2004இல் படையதிகாரிகள் நிகழ்வை மறு ஆய்வு செய்தனர். அதன் விளைவாக, கம்பெனியின் தாயகமான அத்லோன் நகரின் கஸ்ட்யூம் படைமுகாமில் 2005இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. 2006இல் பாராட்டுச் சுருள்கள் வழங்கப்பட்டன. அதே காலத்தில் டெக்லன் பவர் எழுதிய நூலும், 2016இல் அதனடிப்படையில் ரிச்சி ஸ்மித் இயக்கிய திரைப்படமும் இம்முற்றுகையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தன. வாரியங்களின் கோப்புகளால் நகராத அரசு, திரைப்படம் வெளியான அதே பருவத்தில் நகர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் சற்று எள்ளலோடுதான் குறிக்க முடியும்.

2016 செப்டம்பர் 17 அன்று, சரணடைந்த நாளின் 55ஆம் நிறைவில், கம்பெனி முழுமைக்கும் படைப்பிரிவுப் பாராட்டு வழங்கப்பட்டது. அயர்லாந்துப் படையில் அத்தகைய கூட்டுப் பாராட்டு அதுவே முதல்முறை. 2017 ஜூனில் அரசு 'ஜாடோவில் பதக்கம்' என்னும் புதிய பதக்கத்தை உருவாக்க முடிவு செய்தது. அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று அத்லோனில், உயிருடனிருந்த வீரர்களுக்கும் மறைந்தோரின் குடும்பத்தினருக்கும் அது வழங்கப்பட்டது.

இப்பதக்கத்தின் வடிவத்தைவிட அது தீர்த்துக்கொண்ட சிக்கல் குறிக்கத்தக்கது. பழைய விதிகளுள் எதையும் அது தொடவில்லை. 1962, 1965 முடிவுகள் தவறென்று அரசு சொல்ல வேண்டியிருக்கவில்லை. தனியொருவரின் 'செயல்' எது என்று நிறுவ வேண்டியிருக்கவில்லை. கம்பெனியில் இருந்த அனைவருக்கும், இருந்தார்கள் என்பதற்காகவே அது உரியதாயிற்று. இவ்வகையில் அது வீரப் பதக்கத்தைக் காட்டிலும் 1961இன் 'காங்கோ' பட்டைக்கு நெருங்கியது: ஓர் இடப்பெயர், ஒரு காலம், அங்கிருந்தோர். 90 நாளுக்குப் பதில் ஐந்து நாள் என்பதே வேறுபாடு. அதனாலேயே குவின்லன் முன்வைத்த தனிமனிதப் பரிந்துரைகளுக்கு அது விடையாகவில்லை. 2017க்குப் பின்னும் அக்கோரிக்கை நாடாளுமன்றத்தில் தொடர்ந்து எழுந்தது. கூட்டுப் பதக்கம் பெற்றபின் தனிப்பதக்கம் கேட்பது பேராசை என்பாரும் உளர். இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதை அவர்கள் கருதவில்லை.

ஐ.நா. அவையும் தன் பதக்க மொழியில் இருந்த வெற்றிடத்தை மெல்லவே உணர்ந்தது. 1997இல் பாதுகாப்பு அவையின் 1121ஆம் தீர்மானம் பணியில் உயிரிழந்தோருக்கென ஒரு பதக்கத்தை நிறுவி, ஜாடோவில் வீழ்ந்த இரவில் மறைந்த ஹாமர்ஷீல்டின் பெயரை அதற்குச் சூட்டியது. வீரத்துக்கென ஐ.நா. தன் முதல் பதக்கத்தை நிறுவியது 2014 மே மாதம், 2154ஆம் தீர்மானத்தின் வழியாக. 1994இல் ருவாண்டா இனப்படுகொலையின்போது, தனக்கு இடப்பட்ட கட்டளைகளின் எல்லையை மீறிப் பலரைக் காப்பாற்றி, மே 31 அன்று உயிரிழந்த செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாயே டியாஞ்சின் பெயர் அதற்கு இடப்பட்டது. அவருடைய குடும்பத்தினர் 2016இல் அதனைப் பெற்றனர். நாள், இறப்பு, செயல் என்னும் மூன்று அளவுகோல்களும் ஐ.நா.விடம் ஒருங்கே அமைய அமைதி காப்புப் பணி தொடங்கி அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின. ஜாடோவில் கம்பெனிக்கு இவற்றுள் முதலாவது மட்டுமே பொருந்தும்.

1963 ஜனவரி தொடக்கத்தில் பிரிகேடியர் நொரோன்ஹாவின் தலைமையிலான இந்தியப் படை, 1961இல் மீட்புப்படை இருமுறை திரும்பிய அதே லுஃபிரா ஆற்றைக் கடந்து, 3ஆம் நாள் ஜாடோவில்லுக்குள் நுழைந்தது. அம்மாதத்திலேயே கட்டாங்காவின் பிரிவினை முடிவுக்கு வந்தது. பெல்ஜியப் பொறியாளர் ஜீன் ஜாடோவின் பெயரைத் தாங்கியிருந்த அந்நகரம் பின்னர் லிகாசி எனப் பெயர் மாற்றப்பட்டது. 2017இல் அத்லோனில் வழங்கப்பட்ட பதக்கம் குடியேற்றக் காலத்தின் பெயரையே தாங்கியுள்ளது. அந்த ஐந்து நாளில் கட்டாங்காத் தரப்பிலும் பலர் இறந்தனர். அவர்களைப் பற்றி எந்தப் பதக்கப் பாராட்டுரையிலும் ஒரு வரியும் இல்லை.